பச்சைக் குளிசை

போத்தலின் மேல் ஒரு கொழுந்துப் படம்.
இரண்டிலையும் ஒரு மொட்டும்.
பனித்துளிகூட வரைந்திருக்கிறார்கள்.
எங்கள் ஏழாம் நம்பர் மலையில் ஆய்ந்ததுதானோ,
கப்பலேறிப் போய்க்
குளிசையாகித் திரும்பியிருக்கிறதோ என்று
சௌந்தரி சிரித்தாள்.
அன்றைக்குத்தான் அவளுக்கு முதல் கதிர்.

எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.
கண்டி ஆஸ்பத்திரிக்கு எதிரே
கண்ணாடி அலுமாரிக்குப் பின்னால் நின்ற பையன்
"புற்றுக்கு நல்லதுண்ணே,
உடம்பைத் துருப்பிடிக்க விடாது" என்றான்.
நான் பேரம்கூடப் பேசவில்லை.

காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று.
டொக்டரிடம் சொல்லவில்லை.
கேட்டால்தானே சொல்வது.

ஒன்பதாவது கதிர் முடிந்த வியாழக்கிழமை
கேட்டுவிட்டார்.
சௌந்தரி பையிலிருந்து போத்தலை எடுத்து
திருடின சாமான் மாதிரி மேசையில் வைத்தாள்.
டொக்டர் ஹங்சமாலி சிங்களத்தில் சொல்ல
நர்ஸ் றிஸானா தமிழில் சொன்னார்.
ஒட்சியேற்ற எதிரி என்றார்.
எனக்கு விளங்கவில்லை.
அவர் வாயிலும் அந்தச் சொல் சரியாக உருளவில்லை.
பிறகு பேனையை மூடி வைத்துவிட்டு,
"கதிர் போய்க் கட்டிக்குள்ள ஒரு நெருப்பு வைக்குது.
இந்தக் குளிசை அதுல தண்ணி ஊத்தலாம்" என்றார்.

ஸ்டோரில் பத்தொன்பது வருசம்.
உருட்டிய இலையைப் பரப்பிவிட்டுக்
காத்து ஏறட்டும் என்று நிற்பதுதான் என் வேலை.
பச்சை வாடை போய்ப்
பழுத்த பழம்போல ஒரு மணம் கிளம்பும்,
இலை செப்புக்காசாய்ச் சிவக்கும்.
பச்சைத் தேயிலை போடும் நாளில் அந்தக் காத்தே ஆகாது.
ஆவியில் அவித்து
இலையின் வேலையை அங்கேயே நிறுத்திவிடவேண்டும்.
ஆவிக்குத் தெரியாது
இது கொழுந்து, இது கரட்டிலை என்று.
தட்டில் கிடப்பதெல்லாம் பச்சையாகவே நின்றுவிடும்.

"அப்ப கட்டியும் அப்படியே நின்னுருமா?"

நர்ஸ் கேட்டுச் சொன்னார்:
நிச்சயமாகத் தெரியாது.
சில ஆராய்ச்சியில் விழுங்கியவர்களுக்குக் கெடுதல் வந்திருக்கிறது,
சிலதில் ஒன்றும் இல்லை.
நன்மை என்று அடித்துச் சொல்ல ஒன்றுமில்லை.
கதிர் முடியும்வரை வேண்டாம்.
பிறகும் கேட்காமல் வேண்டாம்.

தெரியாது என்று ஒரு டொக்டர் சொல்லி
அன்றைக்குத்தான் கேட்டேன்.
அந்தப் பையனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"பிளேன்டீ?" என்றாள் சௌந்தரி, நேராக டொக்டரைப் பார்த்து.
அந்தச் சொல்லுக்கு நர்ஸ் தேவைப்படவில்லை.
டொக்டர் சிரித்துத் தலையாட்டினார்.
பிளேன்டீ குடிக்கலாம், கொய்யா தின்னலாம், கீரையும்.
தட்டில் வருகிற அளவு வேறு,
போத்தலில் அடைத்து வருகிற அளவு வேறு.

பஸ்ஸில் கம்பளை தாண்டும்வரை அவள் பேசவில்லை.
பிறகு,
"இருபத்திரண்டு முழுங்கிட்டேனே" என்றாள்.
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தவன் நான்.

கினிகத்தேனையில் மழை.
ராத்திரி அவள் தூங்கியபின்
ஒரு குளிசையைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டினேன்.
பச்சைத் தூள்.
மோந்து பார்த்தேன்.
கண்ணை மூடிக்கொண்டு
எந்த மலை இலை என்று சொல்லுகிற மூக்கு இது.
ஒரு வாசமும் இல்லை.
கழுவினேன்.
ரேகைகளில் கொஞ்சம் பச்சை நின்றது.

இன்னும் முப்பத்தேழு.
எறிய மனமில்லை, எட்டாயிரத்து ஐந்நூறு.
மூடியைச் சுற்றிப் பிளாஸ்டர் ஒட்டி
அரிசிப் பெட்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டேன்.
கிளினிக் அட்டையில்
பத்தாவது கட்டம் வெறுமையாக இருக்கிறது.
நாலரைக்கு பஸ்.
ஆணியில் அவள் ஸ்வெட்டர்,
இடப்பக்கத்துப் பொத்தான்களைத்
தோலில் உரசாமல் இருக்க
அவளே வெட்டி எடுத்திருக்கிறாள்.